அச்சில் வார்த்த வீரர்

விளையாட்டுப் பொருளொன்றை அறநோக்கில் ஆராய்வது வீண்வேலை எனச் சிலர் கருதலாம். ஆனால் ஒரு சமுதாயம் மனிதனைப் பற்றி என்ன எண்ணுகின்றது என்பதை, அது தன் குழந்தைகளின் கையில் கொடுக்கும் பொருளும் காட்டிவிடுகின்றது. ஆகவே, உலோகப் போர்வீரர் பொம்மைகளை வீட்டிலேயே வார்த்தெடுக்கும் பொழுதுபோக்கை இங்கு எடுத்துக்கொள்வோம்.

மேலைநாடுகளில் இது பழைய வழக்கம். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியின் நூரம்பேர்க் நகரக் கைவினைஞர் வெள்ளீயத்தில் வீரர்களை வார்த்து விற்றனர். 1893இல் இங்கிலாந்தின் பிரிட்டன் குடும்பத்தார் உள்ளீடற்ற பொம்மைகளை வார்த்து விலையைக் குறைத்தனர். வீட்டில் வார்ப்பதற்கான அச்சுகளும் கடைகளுக்கு வந்தன. இன்று வெப்பந்தாங்கும் ரப்பர் அச்சுகள் கிடைக்கின்றன. முறை எளியது. அச்சின் இரு பாதிகளிலும் பவுடர் தூவி, பொருத்தி இறுக்கி, உருகிய உலோகத்தை ஊற்றினால் சிறிது நேரத்தில் ஒரு வீரன் வெளிவருவான். வெள்ளீயம் 232 பாகை செல்சியசிலும் ஈயம் 327 பாகையிலும் உருகுவதால் வீட்டு அடுப்பே போதும். காலோ துப்பாக்கியோ நிரம்பாமற்போனால் கவலையில்லை. அவனை மீண்டும் கரண்டியிலிட்டு உருக்கலாம். அச்சு அடுத்த வீரனுக்குக் காத்திருக்கும்.

கல்முனைக் கரையில் வாழும் நமக்கு ஈயம் அந்நியப் பொருளன்று. வலையின் அடிவிளிம்பைக் கடலில் ஆழ்த்துவது ஈயக்குண்டு. அதை உருக்கி வார்ப்பது மீனவர் அறிந்த வேலை. வலையில் தொங்குவதையும் துப்பாக்கியிலிருந்து பாய்வதையும் நாம் குண்டு என்றே அழைக்கின்றோம். முற்போக்கு இதழ்களை நெடுங்காலம் அச்சிட்ட எழுத்துகளும் ஈயமும் வெள்ளீயமும் அந்திமனியும் கலந்தவையே. பழைய பொம்மை வீரரும் அதே கலவையினர். ஆகவே குற்றம் உலோகத்தின் மீதன்று. அச்சைச் செய்தவன் யார், எதற்காகச் செய்தான் என்பதே வினா.

பொம்மைப் போர் உண்மைப் போருக்கு மாற்று என்று வாதிப்போர் உளர். சோஷலிசவாதியான எச். ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மைப் போருக்கு விதிகள் வகுத்து ஒரு நூல் எழுதினார்; பெரும் போரினும் சிறு போர் மேலானது என்பது அவர் கருத்து. மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. அதே வெல்ஸ், போர்களுக்கெல்லாம் முடிவு கட்டும் போர் இதுவென்று எழுதி அதனை ஆதரித்தார். பொம்மை அவரைப் போர்வெறியராக்கிற்று என்று கூறுவது நியாயமாகாது. ஆனால் அது அவரைக் காக்கவுமில்லை.

எனவே பொம்மையைத் தடைசெய்வதால் தீர்வு கிட்டாது. பொம்மை எதைப் பழக்குகின்றது என்றே நோக்கவேண்டும். ஒருவன் வீழ்ந்தால் அவனைப் போன்ற மற்றொருவன் வருவான் என்பதே அது பழக்கும் எண்ணம். ஹான்ஸ் ஆண்டர்சன் 1838இல் வெளியிட்ட கதையில் ஒரே வெள்ளீயக் கரண்டியிலிருந்து இருபத்தைந்து வீரர் பிறக்கின்றனர். உலோகம் போதாமையால் கடைசி வீரனுக்கு ஒரு காலே உண்டு. கதை அவனைப் பற்றியது. குறையற்ற இருபத்துநால்வருக்கும் கதையில்லை. அச்சுக்கு அடங்காதவனே மனிதனாக நம் கண்ணிற்படுகின்றான்.

1983 முதல் 2009 வரை நீடித்த போரில் இக்கரை கண்டதென்ன? அரசும் இயக்கமும் மாண்டோரை எண்ணிக்கையாகக் கூறின. காலியான இடங்களுக்கு வேறு இளைஞரைத் தேடின. சிறுவரைப் போரில் ஈடுபடுத்துவதைத் தடுக்கும் ஐக்கிய நாடுகள் நெறிமுறையை இலங்கை 2000ஆம் ஆண்டில் ஏற்றது. அதன் பின்னரும் கிழக்கின் தமிழ்க் கிராமங்களிலிருந்து சிறுவரும் சிறுமியரும் இயக்கத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றோர் கொல்லப்பட்டதை முஸ்லிம்களாகிய நாம் மறக்கவியலாது. ஆயினும் அயற்கிராமத்துத் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட அச்சிறுவனும் நமக்குப் பிள்ளையே என்று சொல்லத் துணியாவிட்டால், நம் துயரம் நீதி கேட்கும் தகுதியை இழந்துவிடும்.

அச்சு எப்போதும் அயலாரிடமே இருப்பதுமில்லை. 2019 ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில் தற்கொலைக் குண்டுகள் வெடித்த வீட்டில் குழந்தைகளும் மாண்டனர். குண்டு வைத்திருந்தோர் நம் சமூகத்தினின்றே புறப்பட்டவர்கள். அக்குழந்தைகளை எவரும் கேட்டு அங்கு வைக்கவில்லை.

ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் நாம் வேண்டுவது இதுதான். ஒரே விடையை ஒரே குரலில் ஒப்புவிக்கச் செய்யும் வகுப்பறையும் ஓர் அச்சே. வினாவெழுப்பும் மாணவனை, கால் நிரம்பாத பொம்மையென ஒதுக்கி மீண்டும் உருக்க முயலும் கல்வி, படை திரட்டுவோருக்கு ஆயத்த வேலை செய்கின்றது. எந்த மதத்தின் பெயரால், எந்த இனத்தின் பெயரால் கட்டளை வரினும், "ஏன்?" என்று கேட்கப் பழகிய பிள்ளையை வரிசையில் நிறுத்துவது எளிதன்று. ஈயத்தை எத்தனை முறையும் உருக்கலாம். மாண்ட பிள்ளையை எந்த அச்சும் திருப்பித் தராது. இவ்வேற்றுமையை மாணவர் மனத்தில் நிறுத்துவதே போர் முடிந்த நாட்டில் ஆசிரியரின் முதற்கடமையாகும்.