மருத்துவ நிதியில் முதற்பங்கு யாருக்கு?

ஆண்டுதோறும் சட்டப்பேரவையில் நிதிநிலை அறிக்கை படிக்கப்பட்ட மறுநாள் நாளிதழ்களில் துறைவாரியான ஒதுக்கீடுகள் வெளியாகின்றன. வரி கூடியதா, குறைந்ததா என்று பார்த்துவிட்டு நம்மில் பலர் இதழை மடித்து வைத்துவிடுகிறோம். மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு நேரே அச்சிட்டிருக்கும் தொகையைச் சற்று நின்று நோக்குவோர் சிலரே. பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் நம் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி மாநில அரசின் பொறுப்பு. வரும் ஆண்டில் எவருக்கு மருந்து கிட்டும், எவருக்குக் கிட்டாது என்பது, நோய் வருமுன்னரே பெருமளவு அந்தத் தொகையில் முடிவாகிவிடுகிறது.

2025-26ஆம் ஆண்டிற்குத் தமிழகத்தில் இத்துறைக்கு 21,906 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. பெருந்தொகையாகவே தோன்றும். பழைய வழக்கம் விடாது, ஐந்தாம் வகுப்புக் கணக்கைப்போல் இதனையும் வகுத்துப் பார்த்தோம். 2011 கணக்கெடுப்பின்படி நம் மாநில மக்கள் 7.21 கோடிப் பேர். தலைக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 3,038 ரூபாய். நாளொன்றுக்கு எட்டு ரூபாய்க்குச் சற்று மேல். இன்று மக்கள்தொகை அதனினும் மிகுதியாதலால் பங்கு இன்னும் குறையும். மருத்துவர் ஊதியம், கட்டடம், கருவி, மாத்திரை, மருத்துவக் கல்லூரி யாவும் இந்த எட்டு ரூபாய்க்குள் அடங்கவேண்டும். மாநிலங்கள் 2020ஆம் ஆண்டிற்குள் தம் வரவு செலவுத் திட்டத்தில் எட்டு விழுக்காட்டிற்கு மேல் நல்வாழ்விற்குச் செலவிட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கை கூறிற்று. நம் மாநிலத்தின் அவ்வாண்டு வருவாய்ச் செலவு மதிப்பீடு ஏறத்தாழ 3.73 லட்சம் கோடி. அதனோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு ஆறைக்கூட எட்டவில்லை.

பாத்திரம் சிறிதாயிருக்கும்போதுதான், முதலில் யாருக்குப் பரிமாறுவது என்னும் வினா அறவினா ஆகிறது.

நம் தமக்கையார் நினைவு இங்கே வருகிறது. அவருக்கு இரத்தக் கொதிப்பு இருப்பது 1988இல் ஊருக்கு வந்த மருத்துவ முகாமொன்றில் தற்செயலாகத் தெரிந்தது. மாதந்தோறும் பேருந்து நிற்கும் சாலை வரை நடந்து, ஆரம்ப சுகாதார நிலையம் சென்று மாத்திரை வாங்கி வந்தார். ஒரு முறை, இருப்பில் இல்லை, அடுத்த மாதம் வாருங்கள் என்றனர். அடுத்த மாதமும் அதே விடை. கடையில் வாங்கலாமே அக்கா என்று நாம் சொன்னபோது, உடம்பில் ஒரு வலியும் இல்லை, வீண் செலவு எதற்கு என்றார். நாமும் வற்புறுத்தவில்லை. அறுவடை முடிந்த வாரத்தில் வலப்பக்கம் செயலற்று விழுந்தவர், ஒன்பது ஆண்டுகள் பாயிலேயே கிடந்து மறைந்தார். அந்நிலையத்து ஊழியரை நாம் நொந்துகொள்ளவில்லை. அலமாரி வெறுமையாய் இருந்தால் அவர்கள் எதை எடுத்துத் தருவார்கள்?

பின்னர் அம்முறை பெரிதும் திருந்திற்று. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பெற்றது. அது மருந்துகளை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் சேமித்து வழங்கலாயிற்று. ஒவ்வோர் அரசு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ் புத்தகம் உண்டு. அதில் குறித்த தொகைக்கு உட்பட்டு, தமக்கு வேண்டிய மருந்தைக் கிடங்கிலிருந்து பெற்றுக்கொள்ளலாம். சட்டப்பேரவையில் படிக்கப்படும் கோடிகள் கடைசியில் இந்தச் சிறு புத்தகமாகத்தான் ஊர் வந்து சேர்கின்றன. கேரளம், இராஜஸ்தான் முதலிய மாநிலங்களும் இம்முறையை மேற்கொண்டன. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தினால், இரத்தக் கொதிப்பிற்கும் நீரிழிவிற்கும் உரிய மாத்திரைகள் வீட்டு வாயிலுக்கே வரலாயின. தமக்கையார் காலத்தில் இது இருந்திருப்பின் என்று எண்ணாத நாளில்லை.

இனி மறுபக்கம். சில ஆண்டுகளுக்கு முன், நம்மிடம் படித்த மாணவர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். குழந்தையின் இதயத்தில் துளை இருந்ததாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. கையிலிருந்து செலவாகியிருந்தால் நிலத்தையும் வீட்டையும் விற்றிருப்பேன் டீச்சர் என்றார். அந்தப் பையன் நம் திண்ணையிலிருந்து குதித்துக் குதித்து விளையாடினான். 2009இல் தோன்றி, 2012இல் மாற்றியமைக்கப்பெற்ற அக்காப்பீடு, இப்போது தகுதியுள்ள குடும்பமொன்றிற்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை தருகிறது. அதற்கும் பணம் அதே பாத்திரத்திலிருந்துதான் செல்கிறது.

அன்பர்களே, அந்தத் திண்ணையில் நின்று, இப்பணத்தில் எத்தனை பேருக்கு மாத்திரை வாங்கியிருக்கலாம் என்று கணக்குப் பார்க்க நமக்கு மனம் வரவில்லை. எனினும் யாரேனும் அக்கணக்கைப் பார்த்தே ஆகவேண்டும். காப்பாற்றப்பட்ட குழந்தைக்குப் பெயர் உண்டு, முகம் உண்டு, நாளிதழில் படமும் உண்டு. மாத்திரையினால் பக்கவாதம் வராமலே நின்றுபோனவர் எவரென்று ஒருவருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது. அவர் நன்றி சொல்ல வரமாட்டார். நிதி தட்டுப்படும்போது அவருடைய பங்கில் கைவைத்தால் கேட்பாரும் இரார்.

அரசை மட்டும் சொல்வானேன்? ஔடத தானத்தைப் போற்றும் நம் குடும்பங்களிலும் இதே பழக்கம்தான். மருத்துவமனைக்கு அறை கட்டித் தரவும், கல்லில் பெயர் பொறிக்கவும் முன்வருகிறோம். முப்பது முதியவர்க்கு ஓராண்டு மாத்திரை தருவதாகக் கூறியவரை நாம் இதுவரை கண்டதில்லை.

நம் கருத்து இது: அன்றாட மாத்திரைக்கும் துணை சுகாதார நிலையத்துச் செவிலியருக்கும் உரியதை முதலில் எடுத்து வைத்துவிட்டே பிறவற்றிற்குப் பங்கிடவேண்டும். ஆண்டின் நடுவில் திருத்த மதிப்பீடு போடும்போதும் அதனைத் தொடலாகாது. அக்காளை இழந்தவள் என்பதால் இவ்வாறு சொல்கிறீர்கள், அந்தக் குழந்தை உங்கள் பேரனாயிருந்தால் என்று கேட்பீராயின், விடை சொல்லத் தயங்குவோம். அத்தயக்கத்தை மறைக்க விரும்பவில்லை. பாத்திரத்தைப் பெரிதாக்கினால் இவ்வினாவின் கூர்மை குறையும்; முற்றும் மறையாது.

இத்துறையின் மானியக் கோரிக்கை எண் 19. ஒதுக்கியது எவ்வளவு, திருத்தியது எவ்வளவு, உண்மையில் செலவானது எவ்வளவு என்பதை அப்புத்தகத்தில் காணலாம்; செலவுக் கணக்கு மட்டும் இரண்டாண்டு கழித்தே அச்சேறும். மருந்து என்னும் தலைப்பிற்கு எதிரே உள்ள மூன்று எண்களையும் எழுதித் தரும்படி பேரனிடம் கேட்டிருக்கிறோம்.