தவளைக்கு இரையிடுதல் கொலையாகுமோ?

முதற் சீலத்தைக் குறித்துப் பிரசங்கம் செய்யுந்தோறும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் ஆட்டையும் கோழியையும் மீனையும் பற்றியவையே. புலால் உண்ணலாமா, கூடாதா என்பதோடு அவை முடிந்துவிடும். சென்ற திங்களில் வந்த கடிதம் ஒன்றோ என்னைப் பல இரவுகள் உறங்கவொட்டாமற் செய்தது. எழுதியவர் பெங்களூரில் வாழும் நம் உபாசகர் ஒருவரின் மகள்; கணவருடன் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் குடியிருப்பவர். அவருடைய ஒன்பது வயது மகன் ஒரு மரத்தவளையை வளர்த்து வருகிறான். பௌர்ணமிதோறும் தாயோடு அமர்ந்து பஞ்சசீலம் ஏற்கும் அச் சிறுவன், ஒருநாள் சொல்லி முடித்ததும், "அம்மா, உயிரைக் கொல்லேன் என்று இப்பொழுது சொன்னேன். இன்றிரவு தவளைக்கு ஐந்து சுவர்க்கோழிகளை விடவேண்டும். அப்படியானால் நான் சொன்னது பொய்யா?" என்று கேட்டானாம். "ஐயா, இவனுக்கு என்ன விடை சொல்வேன்?" என்று அத் தாய் வினவுகிறார்.

சிறுவன் கேட்டதாயினும் சிறிய கேள்வி அன்று. ஓர் உயிரைக் காப்பதற்கு மற்றோர் உயிரை வளர்த்துக் கொடுப்பது அறமா, மறமா? இக் கேள்வியைத் தட்டிக் கழிப்போமாயின் நாம் ஓதும் சீலம் வாயளவில் நின்றுவிடும்.

விடை கூறுமுன் விஷயத்தின் இயல்பை அறிதல் வேண்டும். இயல்பறியாமல் அறம் உரைப்பவன், நூலின் நம்பரைப் பாராமல் தறியில் பாவு பூட்டுபவனை ஒப்பான்.

அச் சிறுவன் வளர்ப்பது ஆஸ்திரேலியாவின் பச்சை மரத்தவளை. ஜான் வைட் என்னும் மருத்துவர் 1790ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலினால் இது உலகுக்கு அறிமுகமாயிற்று. விரல் நுனிகளில் வட்டமான ஒட்டு மெத்தைகளைக் கொண்டது. உள்ளங்கையில் அடங்கி அமர்ந்திருக்கும் சாதுவான பிராணி. அவர்கள் வாழும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அரசாங்க உரிமம் பெற்றோரே தவளை வளர்க்கலாம். நன்கு பேணினால் இத் தவளை பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் உயிர் வாழும்.

இதற்குச் சோறும் கீரையும் இட்டு வளர்க்க இயலாதோ என்று கேட்பீர்கள். இயலாது. தவளையின் கண் அசையும் பொருளையே இரையென்று அறிகிறது. அசைவற்றது அதன் முன்னே குவிந்து கிடந்தாலும் பெரும்பாலும் அதற்கு உணவாகத் தோன்றுவதில்லை. ஆதலின் உயிருள்ள பூச்சியே வேண்டும். சுவர்க்கோழி, கரப்பான் வகை, பட்டுப்புழு, மாவு வண்டின் புழு ஆகியவை இதற்கென்றே பண்ணைகளில் வளர்க்கப்பட்டுக் கடைகளில் விற்கப்படுகின்றன. வளர்ந்த தவளைக்கு வாரம் இரண்டு மூன்று முறை இரையிட்டாற் போதும். வேளைக்கு ஐந்தாக வாரம் இருமுறை என்று கணக்கிட்டாலும் ஆண்டுக்கு 520 பூச்சிகள். பதினைந்து ஆண்டுகளுக்கு 7,800. ஒரு தவளையின் வாழ்வுக்கு ஈடாக நிற்கும் தொகை இது. இத் தொகையைக் கண்முன் வைத்துக்கொண்டே மேலே ஆராய்வோம்.

இதற்கு மூன்று எளிய விடைகள் உண்டு. மூன்றையும் நான் எண்ணிப் பார்த்தேன். மூன்றும் என்னைத் திருப்தி செய்யவில்லை.

முதல் விடை, "பூச்சிதானே, அதற்கு என்ன தெரியும்?" என்பது. பூச்சிக்கு நோவு உண்டா என்பது இன்றும் விஞ்ஞானிகளிடையே ஆராய்ச்சியில் இருக்கும் பொருள். 2022ஆம் ஆண்டில் பிரிட்டனில் இயற்றப்பட்ட பிராணி நலச் சட்டம் முதுகெலும்புள்ளவற்றோடு நண்டையும் கணவாயையும் உணர்வுள்ள உயிர்களாக ஏற்றது, பூச்சியை ஏற்கவில்லை. அதே ஆண்டில் லண்டன் ஆராய்ச்சியாளர்கள், வண்டுத்தேனீக்கள் யாதொரு பயனும் கருதாமல் சிறு பந்துகளை உருட்டி விளையாடுவதைக் கண்டு எழுதினார்கள். விஞ்ஞானம் தன் முடிவைச் சொல்லும்போது சொல்லட்டும். நம் சீலம் உயிரின் அளவைப் பார்த்து ஏற்படுத்தப்பட்டதன்று. பிக்குவின் எட்டுப் பரிகாரங்களுள் நீர் வடிகட்டும் துணியும் ஒன்று என்பதை நினையுங்கள். கண்ணுக்குப் புலப்படாத நீர்ப்பூச்சிக்கும் இடங்கொடுத்த தம்மத்தில், இரவெல்லாம் பாடும் சுவர்க்கோழிக்கு இடமில்லாமற் போகுமா? மேலும், "அதற்கு என்ன தெரியும்" என்னும் சொல் நமக்குப் புதியதன்று. நம் பாட்டன்மாரைக் குறித்தும் ஊரார் அச் சொல்லையே சொன்னார்கள்.

இரண்டாம் விடை, "இது இயற்கை நியதி, காட்டிலும் தவளை பூச்சியைத் தின்னத்தானே செய்கிறது?" என்பது. மெய்தான். ஆனால் காட்டிலே பூச்சி தப்பிப் பறக்க வழி உண்டு. தவளை பசித்திருக்கும் நாளும் உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் இவ்விரண்டையும் நாம் மாற்றிவிட்டோம். தவளை வேட்டையாடப் போக முடியாது. பூச்சி ஓடி ஒளிய முடியாது. கல்லுக்குள் தேரைக்கும் உணவளிப்பவன் ஒருவன் உண்டு என்று உலகத்தார் சொல்லுவர். அக் கூற்றின் மெய் பொய் ஒருபுறம் இருக்கட்டும். கண்ணாடிக்குள் தேரையை அடைத்தவன் மனிதனாயிற்றே! அதன் உணவுக்கும், அவ்வுணவாகிய உயிருக்கும் அவனே பொறுப்பாளி. தான் கட்டிய சுவருக்குள் நடப்பதை இயற்கையின் மேல் ஏற்றுதல் நேர்மையன்று.

மூன்றாம் விடை, "கொல்வது தவளை, நானோ பெட்டியைத் திறந்து விட்டேன், அவ்வளவே" என்பது. மூன்றிலும் இதுவே மிகுந்த அபாயமானது. ஏனெனில் இது அறம்போல் தோன்றுவது.

உயிர்க்கொலை நிறைவேற ஐந்து அங்கங்கள் வேண்டும் என்று உரைநூல்கள் வகுத்துள்ளன. உயிர் ஒன்று இருத்தல், அது உயிர் என்று அறிதல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அதனால் அவ்வுயிர் இறத்தல் என்பன அவை. கண்ணிழந்த சக்குபாலத் தேரர் மழை பெய்த நிலத்தில் உலாவியபோது அவர் காலடியில் பூச்சிகள் மடிந்தன. அவர் அவற்றைக் காணவில்லை, கொல்லும் எண்ணமும் அவரிடம் இல்லை என்று பகவான் விளக்கியருளியதாகத் தம்மபத உரை கூறும். நம் சிறுவனின் நிலை அதுவன்று. அவன் காண்கிறான், அறிகிறான், எண்ணி எடுத்து விடுகிறான். தவளை வாழவேண்டும் என்பதே அவன் விருப்பம். பூச்சியின்பால் அவனுக்குப் பகை இல்லை. எனினும், விட்ட பூச்சி திரும்பாது என்பது அவனுக்குத் தெரியும். கை தவளையின் வாயாக மாறியதனால் எண்ணம் மாறிவிட்டதென்று சொல்ல முடியுமா?

இவ்விடத்தில் என் வாழ்வில் நடந்த ஒன்றைக் கூறவேண்டும். நான் இளமையில் ஒரு நூற்பாலையில் வேலை செய்தேன். ஆலையை மூடுவதாக ஒருநாள் வாயிலில் நோட்டீசு ஒட்டப்பட்டது. கையெழுத்திட்டவரை எங்களில் எவரும் கண்டதில்லை. ஒட்டிய காவலாளியோ எதிரே நின்றார். அவரை நாங்கள் சூழ்ந்துகொண்டு ஏசினோம்; நானும் ஏசினேன், கல்லும் எடுத்தேன். அந்த நோட்டீசினால் அவருடைய வேலையும் போயிற்று என்பதை மறுநாள்தான் அறிந்தேன். ஆணையிட்டவர் கை கறைபடாமல் இருந்தது. பசை தடவிய கை பழி சுமந்தது.

இது ஒரு வாயிலில் நடந்த கதை மட்டுமோ? தோலில் செருப்பு வேண்டும், முரசு வேண்டும், ஏற்றத்துக்குச் சால் வேண்டும். ஆனால் செத்த மாட்டை உரித்தவன் தீண்டத்தகாதவன் என்றது இத்தேசம். பயனை ஒருவர் பெற்றுக்கொண்டு பாவத்தை மற்றொருவர் தலையில் ஏற்றும் வித்தையினால் எத்தனை தலைமுறைகள் குனிந்து நடந்தன! அவ் வித்தையை விட்டு விலகியே நாம் தம்மத்துக்கு வந்தோம். வந்தபின், ஒரு தவளையின் தலையிலாவது, பூச்சி விற்கும் கடைக்காரர் தலையிலாவது அதே சுமையை ஏற்றலாமா?

விநயத்தில் இதற்கொத்த செய்தி ஒன்று உண்டு. பிக்குகள் சிலர் பட்டு நூல் கலந்த விரிப்புக்காகப் பட்டுத் தொழிலாளரிடம் சென்று, புழுக்களை வேகவைத்து நூல் தருமாறு கேட்டனர். பிழைப்புக்காகவும் மனைவி மக்களுக்காகவும் நாங்கள் இவ்வுயிர்களை மாய்க்கிறோம், அதுவே எங்களுக்குக் கேடு, இவர்களும் வந்து கேட்பானேன் என்று அத் தொழிலாளர் மனம் நொந்தனர். அதன்பின் பகவான் விலக்கியது தொழிலாளரை அன்று. கேட்டு வாங்கிய பிக்குகளின் செயலையே விலக்கினார். பட்டு நெய்யும் கன்னட நாட்டில் வாழும் நமக்கு இது நன்கு விளங்கும்.

அப்படியானால் முடிவு என்ன? தவளையைப் பட்டினி போடுவதா? அதுவும் கொலையே. ஆற்றங்கரையில் விட்டுவிடுவதா? அதுவும் தகாது. தவளைகளின் தோலைப் பற்றிக் கொல்லும் ஒருவகைப் பூசண நோய் 1998இல் கண்டறியப்பட்டது. உலகில் பல தவளை இனங்கள் அதனால் அழிந்தன. வளர்ப்புத் தவளையை வெளியே விட்டால் அதனோடு நோயும் வெளியேறக்கூடும். ஒன்றுக்கு இரங்கிப் பலவற்றைக் கொன்றதாக முடியும்.

பகவான் வினையை நால்வகையாகப் பகுத்தார்: கரிய வினை, வெளிய வினை, கருமையும் வெண்மையும் கலந்த வினை, இரண்டையும் கடந்த வினை. அச் சிறுவன் செய்வது மூன்றாவது வகை என்பதே என் துணிபு. கறுப்பு நூலும் வெள்ளை நூலும் ஊடோடிய துணியை வெள்ளைத் துணி என்று விற்பவன் பொய்யன். கறுப்புத் துணி என்று வீசி எறிபவன் மூடன். உள்ளபடி சொல்லி, இனி நெய்வதில் கறுப்பைக் குறைப்பதே தொழிலாளியின் நேர்மை.

குறைக்கும் வழிகள் உண்டு. அவற்றைக் கடிதத்தில் விரிவாக எழுதினேன், இங்கும் சொல்லுகிறேன்.

கடையிலிருந்து நூற்றுக்கணக்கில் வாங்கிப் பாதியைப் பெட்டியிலேயே சாகவிடுதல் கூடாது. வேண்டிய அளவை வீட்டிலேயே வளர்ப்பது நன்று. சுவர்க்கோழிக்கு வெதுவெதுப்பும் உலர்ந்த இடமும் வேண்டும். முட்டை அடுக்கும் அட்டைகளை நிறுத்தி வைத்தால் அவற்றின் மடிப்புகளில் தங்கும். நெருக்கமாக அடைத்தால் ஒன்றையொன்று கடித்துத் தின்னும். திறந்த பாத்திரத்து நீரில் மூழ்கி இறக்கும். ஆதலின் நனைத்த பஞ்சோ காரட் துண்டோ வைக்கவேண்டும். தவிடும் கீரையும் தரலாம். ஈரமண் நிறைந்த கிண்ணத்தில் பெண் முட்டையிடும். நல்ல வெப்பத்தில் இரு வாரங்களுக்குள் குஞ்சுகள் வெளிவரும்.

தவளையின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தை மிஞ்சாத பூச்சியையே கொடுக்கவேண்டும். தோட்டத்தில் பிடித்தவற்றில் பூச்சிமருந்து ஒட்டியிருக்கக்கூடும், மின்மினியோ இயல்பிலேயே நஞ்சுடையது, இவற்றை விலக்குக. சுவர்க்கோழியின் உடலில் சுண்ணாம்புச் சத்து குறைவு. அதையே தின்னும் தவளையின் எலும்பு மெலிந்து தாடை வளையும். ஆகவே இரையிடுமுன் பூச்சிக்கு நல்ல உணவளித்து, அதன்மேல் சுண்ணாம்புச் சத்துப் பொடியையும் தூவவேண்டும். பூச்சி உண்டதே தவளைக்குச் சேரும். பசித்த பூச்சியை ஊட்டினால் தவளையும் நோயுறும். பூச்சியைப் பேணுவதும் தவளையைப் பேணுவதும் வேறு வேறல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

எண்ணி விடுக, அளவு மீறற்க. இவ்வகைத் தவளை கொடுத்ததையெல்லாம் விழுங்கிக் கொழுத்து நோயுறும். மிஞ்சிய பூச்சியை இரவு முழுதும் பெட்டியில் விட்டுவைத்தால் அது தவளையையே கடிக்கும். எடுத்துத் திரும்பக் கூட்டில் சேர்க்கவேண்டும். மிகுதியாகப் பெருகினாலும் விலைக்கு விற்றல் ஆகாது. உயிர்களை விற்கும் வாணிகம் உபாசகருக்கு விலக்கப்பட்ட ஐந்தனுள் ஒன்று. யாவற்றுக்கும் மேலாக, இத் தவளை தன் வாழ்நாளை முடித்தபின் மற்றொன்றை வாங்காதிருப்பது நலம். அறியாமல் தொடங்கியதை முடிக்கக் கடமை உண்டு. அறிந்தபின் மீண்டும் தொடங்கக் கடமை இல்லை.

சிறுவனுக்கு நான் எழுதிய விடை இது: "தம்பி, நீ சொன்னது பொய்யன்று, அது நீ நடக்கவேண்டிய வழி. இன்னும் முழுதும் நடந்து முடியவில்லை, அவ்வளவே. பூச்சியை விடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. பிறரை விடச் சொல்லாதே. நீயே எண்ணி விடு, விட்டதைப் பார். கூட்டில் இருக்கும் நாளெல்லாம் அதற்குப் பசியும் தாகமும் இல்லாமற் பார்த்துக்கொள். உனக்கு அது கடினமாக இருக்கும். அந்தக் கடினத்தை விட்டுவிடாதே."

இருபது நாட்களுக்குப் பின் தாயிடமிருந்து மறுமொழி வந்தது. பையன் இப்பொழுது சீலம் ஓதும்போது முதற்சீலத்தை மற்ற நான்கையும்விட மெதுவாகச் சொல்லுகிறானாம்.

அன்பர்களே, நாமும் அவ்வாறே சொல்லப் பழகுவோமாக.