சந்தேகப்படுபவரின் கடமை

2012 ஆகஸ்டில் சென்னை கே.கே. நகர் பத்ம சேஷாத்ரி பால பவன் பள்ளியின் நீச்சல் குளத்தில் நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன் மூழ்கி இறந்தான். அதற்கு மூன்று வாரம் முன்பு, ஜூலை 25 அன்று, தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்த இரண்டாம் வகுப்புச் சிறுமி அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்திருந்தாள். இரண்டும் விபத்துகளே. இருந்தும் நகரத்துக்கு மனம் ஆறவில்லை. புறநகர்ப் பள்ளி என்றால் தாளாளர் வரை பாயும் சட்டம், பெயர்பெற்ற பள்ளி என்றதும் பயிற்சியாளரோடு நின்றுவிடுமோ என்ற ஐயம் எழுந்தது. விசாரணை முடியும் முன்பே அதன் மீது ஐயம் கொள்வது அறமா, அவசரமா?

யார் ஐயப்படுகிறார் என்பதைப் பொறுத்தது அது. இயல்புக்கு மாறான மரணம் என்றால் உள்ளூர்க் காவல் நிலையம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவின் கீழ் (இப்போது புதிய சட்டத்தின் 194) வழக்குப் பதிந்து, உடலை அரசு மருத்துவமனைக்கு உடற்கூறாய்வுக்கு அனுப்பும். கண்காணிப்புக் கேமராப் பதிவு, வருகைப் பதிவேடு, ஊழியர்களின் வாக்குமூலம் எல்லாம் பள்ளியிடமோ போலீசிடமோ இருக்கும். பெற்றோருக்குக் கிடைப்பது தொலைபேசியில் வந்த ஒரு சேதி மட்டுமே. அவர்களைப் பார்த்து, ‘ஆதாரம் இருக்கிறதா?’ என்று கேட்பது கொடுமை. எல்லாவற்றையும் கையில் வைத்திருப்பவர்தான் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். பெற்றோரின் சந்தேகம் தவறாகவே முடிந்தாலும் அது குற்றமாகாது.

ஊராரின் சந்தேகத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. 2022 ஜூலையில் கள்ளக்குறிச்சி மாவட்டம் கனியாமூரில் விடுதி மாணவி ஒருவர் இறந்தபோது பெற்றோர் கேட்டவை நியாயமான கேள்விகள். நான்கே நாளில், ஜூலை 17 அன்று, அந்தக் கேள்விகள் கூட்டத்தின் கைக்குப் போயின. பள்ளி சூறையாடப்பட்டது, பேருந்துகள் எரிந்தன, யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யாத பிள்ளைகளின் சான்றிதழ்களும் சாம்பலாயின. கேட்பதற்கும் தீர்ப்பெழுதுவதற்கும் நடுவே ஒரு கோடு உண்டு. மகளை இழந்த தாய் அதைத் தாண்டினால் மன்னிக்கலாம். வாட்ஸப்பில் செய்தி பார்த்துவிட்டு வண்டி ஏறி வந்தவரை மன்னிக்க முடியாது.

அந்தக் கலவரத்துக்கு மறுநாள் சென்னை உயர் நீதிமன்றம் செய்ததுதான் உருப்படியான வேலை. மறு உடற்கூறாய்வுக்கு உத்தரவிட்டதோடு, இனிக் கல்வி நிலையங்களில் நிகழும் இத்தகைய மரணங்களை சிபிசிஐடி விசாரிக்க வேண்டும், உடற்கூறாய்வு வீடியோவில் பதிவாக வேண்டும் என்றும் நீதிபதி என். சதீஷ்குமார் சொன்னார். பள்ளிக்கும் உள்ளூர் ஸ்டேஷனுக்கும் இடையே ஓர் இடைவெளி வேண்டும் என்ற ஒப்புதல் இது. 2019 நவம்பரில் அடையாறு ஐஐடி வளாகத்தில் ஒரு மாணவி இறந்தபோது வழக்கு கோட்டூர்புரம் காவல் நிலையத்திலிருந்து மத்திய குற்றப்பிரிவுக்கும், பிறகு சிபிஐக்கும் போனது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் போராட வேண்டியிருந்தது. விசாரணை கைமாறினால் மட்டும் உண்மை தானாக வந்துவிடாதுதான். ஆனால் ‘அங்கே ஏதோ மறைக்கிறார்கள்’ என்ற பேச்சின் வாயை அது ஓரளவு அடைக்கும். உத்தரவு வருவதற்கு ஒரு பள்ளி எரிய வேண்டியிருந்ததுதான் வெட்கக்கேடு.

முடிச்சூர் வழக்கு என்னவாயிற்று? சம்பவத்தன்று மக்கள் பேருந்தைக் கொளுத்தினார்கள். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. பள்ளி வாகனங்களுக்கென்று அதே ஆண்டு தனி விதிகள் வந்தன. தெருவுக்குத் தெரு ஆட்டோ, வேன்களைச் சோதித்தார்கள். பத்தாண்டு கழித்து, குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று செங்கல்பட்டு நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. முதல் வாரம் தெருவை நிறைத்த சந்தேகத்தில் கால்வாசியாவது பத்தாவது ஆண்டு வரை நின்றிருந்தால், சாட்சிகள் என்ன ஆனார்கள், தகுதிச் சான்று கொடுத்த கை எது என்று யாராவது கேட்டிருப்பார்கள். இங்கேதான் பொதுச் சந்தேகம் அறம் தவறுகிறது. சந்தேகப்பட்டதில் தவறில்லை; பாதியில் எழுந்து போனதுதான் தவறு.

இப்போது சட்டமே சில வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தொண்ணூறு நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குப் போலீஸ் தெரிவிக்க வேண்டும். விடுதலைத் தீர்ப்பை எதிர்த்துப் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யும் உரிமை 2009 முதல் இருக்கிறது. இவற்றைப் பயன்படுத்தப் பணமும் துணையும் வேண்டும், பெற்றோரிடம் பெரும்பாலும் இரண்டும் இருப்பதில்லை. மெழுகுவத்தி ஏந்தி மெரினாவுக்குப் போகிறவர்கள், பெற்றோர் சங்கங்கள், அறிக்கை விடும் கட்சிகள் எல்லாரும் வாய்தா நாளன்று ஓர் ஆளையாவது சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு அனுப்பட்டும். குற்ற வழக்கு விசாரணை பொதுவாகத் திறந்த மன்றத்தில்தான் நடக்கிறது. உள்ளே போய் உட்கார அழைப்பிதழ் தேவையில்லை.