மூன்றாவதாக வந்தவன்

விளையாட்டு நேர்மையைக் கற்பிக்கிறது என்பது பள்ளிக்கூட ஆண்டுவிழாக்களில் சொல்லப்பட்டு, கைதட்டல் வாங்கி, அன்றைக்கே மறக்கப்படும் வாக்கியம். இதே விஷயம் காம்யூ மூலம் வந்து சேரும்போது மட்டும் நம்மவர்களிடம் அதற்கு மரியாதை கூடிவிடுகிறது. அல்ஜியர்ஸில் கோல்கீப்பராக நின்ற காம்யூ, ஒழுக்கம் பற்றித் தனக்குத் தெரிந்ததற்குக் கால்பந்துக்குக் கடன்பட்டிருப்பதாகச் சொன்னதை எடுத்துச் சொல்லாத ஆள் நம் வட்டத்தில் குறைவு. ஓடி ஆடினால் பூட்ஸ் தேயும், பாட்டி அடிப்பாள் என்ற பயத்தில்தான் கோல் கம்பங்களுக்கு நடுவே போய் நின்றார் என்று ஒரு கதையும் உண்டு. எனக்கு அந்தக் கதையில்தான் அதிக நம்பிக்கை. மைதானத்துக்கு வருபவன் வீட்டையும் வறுமையையும் பள்ளி ரிஜிஸ்தரையும் உடன் கொண்டுதான் வருகிறான்.

1984ல் நடந்த ஒரு ஓட்டப் பந்தயத்தைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. பெரம்பலூர் அப்போது திருச்சி மாவட்டத்தில் ஒரு தாலுகா. (தனி மாவட்டமானது 1995ல். அரியலூர் அதிலிருந்து 2001ல் பிரிந்து, 2002ல் மறுபடி சேர்க்கப்பட்டு, 2007ல் திரும்பவும் பிரிந்தது. ஒரு நிலத்துக்கே இத்தனை பிறந்த தேதிகள்.) ஊருக்கு வெளியே ஓர் அரசு உயர்நிலைப்பள்ளி. கரிசல் மைதானம், வெயிலில் வெடிக்கும், மழையில் பாதத்தில் அப்பும். பந்தயத்துக்கு முதல்நாள் டிரில் மாஸ்டர் கயிறு பிடிக்கச் சொல்லிச் சுண்ணாம்புக் கோடு போட வைப்பார். ஜூனியர் பிரிவு, 400 மீட்டர், ஸோனல் போட்டி. எல்லோரும் வெறுங்கால். முதல் இரண்டு பேர் மாவட்டப் போட்டிக்குப் போகலாம்.

என் வகுப்புத் தோழன் முதலில் வந்தான். நான் இரண்டாவது. மூன்றாவதாக வந்தவன் வேறு பள்ளிக்கூடம், ஹாஸ்டல் பையன். கோட்டைத் தாண்டியதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்திருந்தான். பிறகு பெயர் எழுதும் மேஜைக்கு வந்து எங்களோடு நின்றான். "மூணாவது வேணாம்பா, நீ போ" என்றார் எழுதியவர். அவன் போனான்.

என் தோழனுக்கு ஜூனியர் பிரிவில் ஓடும் வயது இல்லை. இரண்டு வயது கூட. இது எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவன் பொய் சொல்லவில்லை. பொய் அவனுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பிறந்த தேதியைக் கொடுப்பவர் ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியர். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969லேயே வந்துவிட்டது. எங்கள் ஊருக்கு அது வந்து சேரவில்லை. வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது. என் கை எட்டவில்லை. அம்மா கெஞ்சினாள். தலைமையாசிரியர் சில மாதங்களைக் கூட்டி ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதிச் சேர்த்துக்கொண்டார். என் தோழன் ஆடு மேய்த்துக்கொண்டிருந்துவிட்டு ஏழு வயதில் வந்தான். அவன் கை காதைத் தாண்டிக் கழுத்துவரை போனது. அவர் சிரித்துக்கொண்டே இரண்டு வருஷத்தைக் கழித்து எழுதினார். உள்ளபடி எழுதினால் வயது மீறியவன் என்று பின்னால் யாராவது ஆட்சேபிக்கலாம். சர்க்கார் வேலைக்கு மனுப்போடும் காலத்திலும் அந்த இரண்டு வருஷம் குறுக்கே நிற்கும். ஒரே பேனா ஒருவனுக்குக் கூட்டியது, இன்னொருவனுக்குக் கழித்தது. இரண்டும் கருணைதான். அந்தக் கருணை இல்லாவிட்டால் அவன் ஆட்டோடுதான் இருந்திருப்பான்.

இங்கேதான் பிரச்னை ஆரம்பமாகிறது. பள்ளிக்கூட வாசலில் கருணையாக இருந்த ஒரு தேதி, ஏழெட்டு வருஷம் கழித்து அதே பள்ளிக்கூடத்தின் மைதானத்தில் திருட்டாகிவிடுகிறது. இடையில் யாரும் எதையும் மாற்றி எழுதவில்லை. ஒரு செயலின் தார்மீக மதிப்பு செய்த கணத்தோடு முடிந்துபோவதில்லை, அந்தக் காகிதம் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே போகிறது என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது. தான் சொல்லாத பொய்யின் பயனை அனுபவிப்பவன் குற்றவாளியா? தெரியாதவரை இல்லை. தெரிந்த பிறகு, அந்தத் தேதியைக் காட்டி நிற்கும் ஒவ்வொரு தடவையும் அவன் அதில் கையெழுத்துப் போடுகிறான்.

அவனுக்கு ஆதரவாக ஒரு வாதம் உண்டு; நம் நண்பர்களில் இடதுசாரிகள் அதை உடனே எடுப்பார்கள். வயதுப் பிரிவு என்பதே ஒரு பாசாங்கு. வயதைச் சமப்படுத்துகிறவர்கள் சாப்பாட்டைச் சமப்படுத்தினார்களா? டவுன் பள்ளிக்கூடத்துப் பையன் முட்டை தின்று, ஸ்பைக்ஸ் போட்டு ஓடும்போது கம்பங்கூழ் குடித்தவன் இரண்டு வருஷத்தைக் கடன் வாங்கினால் என்ன? எனக்கும் இது வெகுகாலம் சரியாகவே பட்டது. ஆனால் அன்று அந்த 400 மீட்டரில் முட்டை தின்ற பையன் யாரும் இல்லை. கடன் வாங்கப்பட்டது பக்கத்துக் கோட்டில் ஓடிய இன்னொரு வெறுங்காலிடமிருந்து. ஏழையின் பொய் அமைப்பை எதிர்க்கிறது என்று சொல்வது எழுத எளிது. நடைமுறையில் அது அமைப்பின் பக்கமே போவதில்லை. கை எட்டுகிற தூரத்தில் இருக்கும் பலவீனமானவன் மேல்தான் விழுகிறது.

தவிரவும், வயதுக்கும் பசிக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வயது எல்லோருக்கும் வரும். இந்த வருஷம் சின்னவனாக இருப்பவன் காத்திருந்தால் அடுத்த வருஷம் அவன் முறை. அந்த முறையைக் காப்பாற்றிக் கொடுப்பதுதான் வயதுப் பிரிவு. பசிக்கு அப்படி முறை கிடையாது. அதை மைதானத்துக்கு வெளியேதான் தீர்க்க வேண்டும். தீர்க்காதது பெரிய அநியாயம். அதற்காகச் சின்ன நியாயத்தை உடைத்தால் இரண்டு அநியாயமாகிறது.

எலும்பைப் படம் பிடித்து வயது சொல்கிறார்கள் இப்போது. இந்தியக் கிரிக்கெட் வாரியம் 2012லிருந்து இளம் ஆட்டக்காரர்களின் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து டான்னர்-வைட்ஹவுஸ் முறையில் கணிக்கிறது. முதலில் பிரிட்டிஷ் குழந்தைகளை அளந்து உண்டாக்கிய முறை அது. சரியான சாப்பாடு இல்லாத குழந்தையின் எலும்பு முதிரத் தாமதமாகும் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். அதாவது பசி எலும்பில் இளமையாகப் பதிவாகிறது. அரியலூர்ப் பாறைகளை பிளான்போர்டு 1860களில் வரிசைப்படுத்தினார். சாத்தனூரில் கல்லாகக் கிடக்கும் மரத்துக்கு 12 கோடி ஆண்டு என்கிறார்கள். அந்த மண்ணில் பிறந்த பையனுக்கு இரண்டு வருஷம் முன்பின் சொல்ல ஆளில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. 2001ல் அமெரிக்காவில், 12 வயதுக்காரர்களுக்கான பேஸ்பால் போட்டியில் டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்த டேனி அல்மாண்டே என்ற சிறுவன் எல்லோரையும் திணறடித்தான். அவனுக்கு 14 என்று பிறகு தெரிந்தது. அணியின் வெற்றிகள் ரத்தாயின. தகப்பனார் மீது தடை. பையன்மேல் குற்றமில்லை என்று விட்டுவிட்டார்கள். நல்ல தீர்ப்பு. ஆனால் அங்கே ஒருவர் தேடிப் போய் உண்மையை வெளியே கொண்டுவந்தார். எங்கள் மைதானத்தில் அந்த வேலை என்னுடையது.

நான் ஏன் சொல்லவில்லை? சிநேகிதம் என்று சொல்லிப் பார்த்தேன். பயம் என்றும் சொல்லிப் பார்த்தேன். இரண்டும் முழு உண்மை இல்லை. சொல்லியிருந்தால் நான் முதலாவதாக ஆகியிருப்பேன். உண்மை எனக்கு லாபமாக இருந்தது. லாபத்துக்காகச் சொன்னான் என்று பெயர் வரும். அதைவிட, லாபத்துக்காகச் சொல்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வரும். என் மனசு சுத்தமாக இருக்க வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்தச் சுத்தத்துக்கு நான் ஒரு பைசா கொடுக்கவில்லை. இரண்டாவது இடமும் மாவட்டப் போட்டியும் என்னிடமே இருந்தன. கொடுத்தவன் மூன்றாவதாக வந்தவன்.

நோக்கத்தின் தூய்மை பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். அதை இப்போது சந்தேகத்தோடுதான் பார்க்க முடிகிறது. கலப்பில்லாத நோக்கம் வரும்வரை காத்திருப்பவன் பெரும்பாலும் வேறொருவன் செலவில்தான் காத்திருக்கிறான். லாபத்தோடு கலந்து வந்தாலும் உண்மை உண்மையாகவே வேலை செய்திருக்கும்; ஹாஸ்டல் பையன் திருச்சிக்குப் பஸ் ஏறியிருப்பான். அங்கே அவன் தோற்றிருக்கலாம். நாங்கள் இரண்டு பேரும் தோற்றோம்.

தோழனைச் சமீபத்தில் பார்த்தேன். முழங்கால் வலி. காகிதப்படி இன்னும் சர்வீஸ் இருக்கிறது, உடம்பு இரண்டு வருஷம் முன்னாலேயே ரிட்டயர் ஆகிவிட்டது என்று சிரித்தான். அந்தப் பந்தயத்தைக் கேட்டேன். "ஒனக்கு அப்பவே தெரியுமில்ல, ஏண்டா சொல்லல?" என்றான். கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட மாதிரி. மேலே எழுதியதில் எதையும் அவனிடம் சொல்ல முடியவில்லை. மூணாவதா ஒருத்தன் வந்தானே ஞாபகமிருக்கா என்று மட்டும் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, யாருமில்லையே என்றான்.

எனக்கும் அவன் பெயர் தெரியாது. மேஜையில் இரண்டு பெயர்தான் எழுதினார்கள்.