கஜேந்திரனும் கட்டுத்தறி யானையும்

ஸ்ரீ:

அடியார்க்கு எளியனான எம்பெருமானின் குணங்களைப் பேச வந்த பெரியோர் முதலில் எடுப்பது கஜேந்திர மோக்ஷத்தையே. ஸ்ரீமத் பாகவதத்தின் எட்டாவது ஸ்கந்தம் கூறும் அக்கஜேந்திரன், முற்பிறவியில் அகஸ்தியரின் சாபம் பெற்ற இந்திரத்யும்னன் என்னும் பாண்டிய மன்னன். ஆதலின் பாண்டி நாட்டார்க்கு அவ்வரலாறு அயலாரது அன்று, தம்மவரது.

அதில் சிந்திக்கத்தக்கவை இரண்டு. திரிகூட மலையில் கூட்டத்துக்குத் தலைமை பூண்டு, பிடிகளுக்கும் கன்றுகளுக்கும் துதிக்கையால் நீரூட்டி மகிழ்ந்த வேழம், முதலையின் வாய்ப்பட்டவுடன் நாளுக்கு நாள் மெலிந்தது. முதலையோ வலுத்தது. ஏன்? முதலைக்கு நீர் தன்னிடம். யானைக்கோ அது வேற்றிடம். தன்னிடத்தை இழந்த பெருவலியும் தேயும் என்பது இதனால் விளங்கும். மற்றொன்று, அவ்வானை கூவியழைத்தது உயிர் காக்க அன்று. கையிலேந்திய தாமரை வாடுமுன் திருவடியில் இடவேண்டுமே என்னும் ஆற்றாமையால் என்று பூர்வாசாரியர்கள் நயம் உரைப்பர்.

பனையும் உப்பங்காற்றும் நிறைந்த திருப்பாலைக்குடிக் கடற்கரையில் காட்டு யானை இல்லை. திருப்புல்லாணி, சேதுக்கரை என வலம் வருவோர் யானையை அறிவதெல்லாம் புராணத்திலும், கோயில் வாசலிலும், நகரத்து மிருகக்காட்சி சாலையிலுமே. அங்கே அது என்ன நிலையில் நிற்கிறது?

காட்டில் மூத்த பிடியின் பின்னே உறவாய்த் திரிந்து, நாளின் பெரும்பகுதியை மேய்வதிலும் நடப்பதிலும் கழிக்கும் பிராணி அது. அதனைத் தனியே கட்டினால் தலையையும் உடலையும் ஓயாது ஆட்டிக்கொண்டே நிற்கும். நாதஸ்வரத்துக்கு ஆடுகிறது என்று நாம் மகிழ்கிறோம். அது மன உளைச்சலின் குறி என்கின்றனர் மருத்துவர். கல்தரையில் நின்று நின்று பாதங்களும் புண்படும். தில்லி மிருகக்காட்சி சாலைக்கு 1990-களில் ஜிம்பாப்வே நாட்டினின்று அன்பளிப்பாக வந்த சங்கர் என்னும் ஆப்பிரிக்க யானை, துணை மடிந்தபின் பல்லாண்டுகள் தன்னினம் காணாது வாழ்ந்து, 2025 செப்டம்பரில் மாண்டது. மிருகக்காட்சி சாலைகளில் யானைகளை வைத்தலாகாது என்று மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2009-இலேயே பணித்திருந்தும் நேர்ந்தது இது.

இவ்வறிவு புதிதன்று. அங்க தேசத்து ரோமபாதன் பிடித்துக் கட்டிய யானைகளின் புண்ணுக்கு மருந்திட்ட பாலகாப்ய முனிவரே ஹஸ்த்யாயுர்வேதத்தை உபதேசித்தார் என்பது வரலாறு. பிடிபட்ட யானை காட்டின்பத்தை நினைந்து நினைந்து மெலியும் என்று மாதங்க லீலையும் சொல்கிறது.

'கோயில் யானை பெருமானுக்குத் தொண்டு செய்கிறதே. அதனைக் குறை கூறலாமோ?' என்று சிலர் வினவுவர். கேட்கத்தக்க வினாவே. ஆனால் கைங்கரியம் என்பது யாது? உகப்போடு செய்வது கைங்கரியம். அங்குசத்துக்கு அஞ்சிச் செய்வது ஏவல். கஜேந்திரன் தாமரையைத் தானே பறித்தான். எவரும் அவனைப் பணிக்கவில்லை. நம் யானையின் தொண்டும் உகப்பாக வேண்டுமாயின், அதன் வருத்தத்தை நீக்குவது நம் கைங்கரியமாக வேண்டும்.

'அவிழ்த்துக் காட்டில் விட்டுவிடலாமே' என்பாரும் உளர். சிறுகன்றிலிருந்தே மனிதர் கையில் வளர்ந்தது காட்டில் பிழைப்பது அரிது. கட்டினவர்க்கே காக்கும் கடன். 2003-இல் தெப்பக்காட்டில் தொடங்கிப் பின்னர் தேக்கம்பட்டியில் நடந்த புத்துணர்வு முகாம்களில், திருக்கோயில் யானைகள் ஆற்றுநீரும் மண்தரையும் இனத்தின் துணையும் சிலநாள் பெற்றன. அங்கேயும் 2021-இல் ஒரு யானை அடிபட்ட காட்சியைக் கண்டு நாடே வருந்தியது. இடம் மாறினால் போதாது, உள்ளமும் மாறவேண்டும் என்பதற்கு அதுவே சான்று. கோயில்களும் தனியாரும் இனிப் புதிதாக யானை வாங்கலாகாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2023-இல் கூறியதும் இக்கருணை பற்றியே.

யாத்திரிகர்க்கும் இதில் பங்குண்டு. ஆசி வேண்டி யானையை நெருக்காதிருத்தல், கண்ட தின்பண்டத்தையும் நீட்டாதிருத்தல், அருகில் வெடி கொளுத்தாதிருத்தல், நிழலும் நீரும் மண்தரையும் நடையும் அதற்குக் கிடைக்கின்றனவா என்று கேட்டறிதல் ஆகியன யாவராலும் இயல்வன. காசு நீட்டிப் பெறும் ஆசியினும், அதன் துயர் ஒன்றைக் குறைத்துப் பெறும் புண்ணியம் பெரிது.

ஒரு யானையின் கூப்பீட்டுக்கு விரைந்து வந்தவன் பெருமான். கூவ இயலாது தலையசைத்து நிற்பதன் குறையையும் அவன் அறிவான். அதனை நாமும் அறிந்து நடப்பதே அவன் உகக்கும் ஆராதனம்.

சுபம்.