வராதவனின் அபிப்ராயம்

மக்களின் அபிப்ராயத்தைக் கேட்டு முடிவு செய்வது ஜனநாயகம் என்கிறோம். யாரைக் கேட்பது என்பது அதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. கேட்கப்படுபவன் ஏற்கெனவே அங்கே இருப்பவன். முகவரி உள்ளவன், பட்டியலில் பெயர் உள்ளவன். இனி வரப்போகிறவனைக் கேட்க வழியில்லை. அவன் வீடு எங்கே என்பதுதான் பிரச்னையே.

பெர்லினில் டெம்பிள்ஹோஃப் விமான நிலையம் 2008 அக்டோபரில் மூடப்பட்டது. நகரத்துக்குள்ளேயே 300 ஹெக்டேருக்கு மேல் வெட்டவெளி. 2010 மே மாதம் அது பொதுமக்களுக்குத் திறந்து விடப்பட்டது. ஓடுதளத்தில் சைக்கிள் ஓட்டினார்கள், பட்டம் விட்டார்கள், பலகைப் பெட்டிகளில் மண் நிரப்பிக் காய்கறி போட்டார்கள். புல்லில் வானம்பாடிகள் கூடு கட்டின. நகர ஆட்சியோ விளிம்புகளில் சுமார் 4,700 குடியிருப்புகள் கட்டி, நடுவில் 230 ஹெக்டேரை அப்படியே விட்டுவிடலாம் என்றது. 2014 மே 25 அன்று வாக்கெடுப்பு. எதுவும் கட்டக்கூடாது என்ற சட்டத்துக்கு 64.3 சதவீதம் வாக்குகள் விழுந்தன.

வீடு உள்ளவன் வீடு இல்லாதவனிடம், எனக்குப் பட்டம் விட இடம் வேண்டும் என்று சொன்னதாக இதை வாசிக்கலாம். சுலபமான வாசிப்பு, ஆனால் முழுப் பொய்யல்ல. இத்தகைய வாக்கெடுப்பில் ஜெர்மன் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வாக்கு கிடையாது. வெளியின் கிழக்கு விளிம்பில், நொய்கோல்னில், அப்படிப்பட்டவர்கள் ஏராளம். தம் ஜன்னலுக்கு எதிரே கிடக்கும் நிலத்தைப் பற்றி அவர்களைக் கேட்கவில்லை. 2015ல் அகதிகள் வந்தார்கள், பழைய விமானக் கொட்டகைகளில் படுத்தார்கள். 2016ல் அதே சட்டத்தைத் திருத்தி, விளிம்பில் அவர்களுக்குத் தற்காலிகக் குடியிருப்பு அமைக்க இடம் தர வேண்டியதாயிற்று. கேட்கப்படாதவன் தானே வந்து நின்றான்.

மறுபக்கமும் இருக்கிறது. ‘வீடு’ என்ற சொல் திட்டக் காகிதத்தில் ஒரு திரை. இல்லாதவன் பெயரைச் சொல்லி, வாங்க முடிந்தவனுக்குக் கட்டுவது எந்த நகரத்துக்கும் புதிதல்ல. வேண்டாம் என்றவர்களில் பலர் மறுத்தது வீட்டை அல்ல, வாக்குறுதியை என்று நினைக்கிறேன்.

இந்த நிலம் எதற்கு என்பதில் ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. பிரஷ்ய ராணுவம் இங்கே அணிவகுத்தது. 1909ல் ஆர்வில் ரைட் பறந்து காட்டினார். 1930களில் வடக்கு விளிம்பில் கொலம்பியா வதைமுகாம் இருந்தது. யுத்தத்தின்போது கட்டாயத் தொழிலாளிகள் இங்கே விமானங்களைக் கோத்தார்கள். 1948-49 முற்றுகையில் உணவும் நிலக்கரியும் இதே ஓடுதளத்தில் வந்திறங்கின. நோக்கம் எதுவும் சுமத்தப்படாமல் இந்த நிலம் கிடந்த காலம் மிகக் குறைவு.

கட்டிய நிலத்திடம் மறுபடி கேள்வி கேட்க முடியாது; காலியாகக் கிடப்பதிடம் கேட்கலாம். 2024ல் நகர ஆட்சி குலுக்கல் முறையில் தேர்ந்த குடிமக்களைக் கூட்டி மீண்டும் கேட்டதே, கேட்க இடம் மிஞ்சியிருந்ததால்தான். ஆக, காலியாக விடுவது வராதவனின் அபிப்ராயத்துக்காகக் காத்திருப்பதும்கூட. ஆனால் காத்திருப்புக்கும் வாடகை உண்டு. அதைக் கொடுப்பவன், வாக்களித்தவன் அல்ல.

நம் மொழியில் ‘வெளி’ என்றால் திறந்த இடம். புறத்தே என்றும் பொருள். உள்ளே இருப்பவனுக்கு முதல் அர்த்தம் கிடைக்கிறது, மற்றவனுக்கு இரண்டாவது. எனக்கு அங்கே வாக்கு இருந்திருந்தால் நானும் கட்ட வேண்டாம் என்றே போட்டிருப்பேன். ஆனால், இங்கே வேண்டாம் என்பவன் வேறு எங்கே என்பதற்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். வாக்குச்சீட்டு அதைக் கேட்பதில்லை. கேட்காததால் கடமை இல்லாமல் போய்விடாது.