புறப்பட்டுப் போனவர்

கடலுக்குப் போன சிநேகிதன் எதுவரை போனான் என்று தினமும் விசாரித்தால் போதுமா? அதுதான் சிநேகமா?

2018-ல், தன்னந்தனியாய் உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பாய்மரப் படகுப் போட்டியில், நம் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி தென் இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கினார். பாய்மரம் முறிந்தது, முதுகெலும்பில் அடி, எழும்பவே முடியலை. அதே புயலில் தன் பாய்மரத்தையும் பறிகொடுத்த அயர்லாந்துக்காரர் கிரெகர் மெக்கக்கின், கிடைத்ததைக் கொண்டு ஒரு மரம் நிறுத்தி, அவரைத் தேடிப் புறப்பட்டார். முந்தி வந்து தூக்கினதோ பிரெஞ்சுக் கப்பல் ஒசிரிஸ்.

அப்போ மெக்கக்கின் புறப்பட்டது வீணா? இல்லவே இல்லை! போய்ச் சேருவது நம் கையில் இல்லை. புறப்படுவது நம் கையில்தான் இருக்கு.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே கடலா கிடக்கு? ஒரு பஸ் தூரம்தானே! படுத்துக்கிடக்கிற சிநேகிதனை இன்றைக்கே போய்ப் பாருங்கள்.